ஒரே நாளில் நான்கு சேலை

ஜூன் 2, திங்கள்

தர்ஷிகா இன்று பன்னிரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவள். என் பேத்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லும். போன வருஷ நோட்டுகளில் எழுதாமல் கிடந்த தாள்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து என் கையில் கொடுத்தாள். "யார்ட்டயும் எதையும் சொல்ல மாட்டேங்கிற அப்பத்தா. இதுலயாவது எழுதிவை" என்றாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நிறுத்தியது என் அய்யா, என் படிப்பு இல்லை. இன்றைக்கும் ரேஷன் கடைப் பலகையில் எழுதிப்போட்டதை இந்தத் தெருவுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேன். வெள்ளூரணியில் இந்தச் சீனியம்மாள் ஒருத்தர் வாசலில் போய் நின்றாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், பேத்தி, மருமகள் தங்கமாரி. மில்லுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து தங்கமாரிக்கு முதுகெலும்பு நொறுங்கி இது மூன்றாவது வருஷம். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மகன் கதிரேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஓயாத வேலை.

இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நேரமாகிவிட்டது.

ஜூன் 4, புதன்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. அது போதும்.

ஜூன் 9, திங்கள்

நர்ஸ் ஜெபராணி வந்தாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க அரசாங்கம் போட்டிருக்கிற ஆள். திங்கட்கிழமை தோறும் வந்து புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். சித்திரையில் வந்தவள், ஆனி பிறக்கப் போகிற நேரத்தில் வருகிறாள். "தேர்கூட சொன்ன நாள்ல வந்துருதேம்மா" என்றேன். அவள் கோபப்படவில்லை. பெட்ரோல் காசு நாலு மாதமாக வரவில்லையாம். பத்துப் பதினைந்து ஊருக்கு அவள் ஒருத்திதானாம். தண்ணீர் கேட்டாள். மோரே கொடுத்தேன்.

கட்டுப் போடுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. நல்ல கை. தங்கமாரிக்கு முதுகு முடிகிற இடத்தில் புண். ஒரு ரூபாய் அகலம்தான், ஆனால் ஓரம் கறுத்திருக்கிறது. கழுவி, மருந்து வைத்து, ஒட்டி முடித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு தயங்கினாள்.

"மாசத்துக்கு நாலு போட்டோ ஏத்தணும்மா. ஏத்தலைன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்க. நாலையும் இன்னைக்கே எடுத்துக்கிறேன். நீங்க சேலைய மட்டும் மாத்தி மாத்திக் கட்டிக்கங்க."

பாவமாக இருந்தது. அதோடு உள்ளதையும் எழுதிவிடுகிறேன், போட்டோ என்றதும் எனக்கு ஆசையாகவும் இருந்தது. என் சேலைகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. எங்கே போகிறேன் கட்டிக்கொண்டு? முதலில் சுங்குடி. பிறகு நீலத்தில் வெள்ளைக் கட்டம். பிறகு மாம்பழ நிறம். கடைசியாகக் கதிரேசன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. ஒவ்வொன்றுக்கும் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றேன். நர்ஸ் யூனிபார்மில்தானே வருவாள், அவளுக்கு மாற்று வேண்டியதில்லை. தங்கமாரிக்குத்தான் நைட்டி மாற்ற வேண்டியிருந்தது. நாலாவது தடவை கையைத் தூக்கும்போது சொன்னாள், "அத்தை, நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?"

சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் தொங்கியது. அது படத்தில் விழும் என்று ஜெபராணிக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான்தான் கழற்றி வைத்தேன். "என்னா மூளைம்மா உங்களுக்கு" என்றாள்.

ஸ்கூட்டரில் ஒரு காற்று மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. மோட்டார் வைத்தது. தானாகவே அங்கங்கே உப்பி அமுங்குமாம், ஒரே இடத்தில் அழுத்தம் விழாதாம், புண் ஆறிவிடுமாம். அதை விரித்துத் தங்கமாரியை அதன் மேல் கிடத்தி ஒரு படம் எடுத்தாள். ஆளைத் தூக்கி மறுபடி பழைய மெத்தையில் போட்டுவிட்டுக் காற்றைப் பிடுங்கிச் சுருட்டினாள். "எங்களுக்கு இல்லையா?" என்றேன். "இப்ப இது ஒன்னுதாம்மா கையில இருக்கு. அடுத்த ஊர்லயும் படம் எடுக்கணும். உங்களுக்கு அடுத்த மாசம் கட்டாயம் வந்துரும்."

போகும்போது போனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "பராமரிக்கிறவர் பேர் கதிரேசன்னு இருக்கே, அவர் இல்லையா?" வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை போடுகிறது. எழுத வந்தவர் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது, புருஷன் இருக்கும்போது வேறு பேர் எதற்கு என்று கதிரேசன் பெயரை நான்தான் சொன்னேன். பணம் அவன் கணக்கில்தான் விழுகிறது. சேர்த்து வைத்திருப்பான்.

ஜூன் 16, திங்கள்

ஜெபராணி வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

வரவில்லை. அவள் கொடுத்துவிட்டுப் போன பஞ்சும் துணியும் தீர்ந்துவிட்டன. வீட்டில் கிடந்த பழைய வேட்டித் துண்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து நறுக்கி வைத்திருக்கிறேன். அவள் கட்டியதைப் பார்த்திருக்கிறேனே, அதே மாதிரி கட்டினேன். தர்ஷிகா நான் செய்கிறேன் என்று வந்தாள். போய்ப் படி என்று விரட்டினேன். இந்தப் புண் என்னோடு போகட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்து வீட்டு மாடத்தி திருப்பூருக்கு மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் கதிரேசனைப் பார்த்தாளாம். கூட ஒரு பெண், இடுப்பில் கைப்பிள்ளை. பிள்ளையை அவன் வாங்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினானாம். "கூட வேலை பாக்கிற பிள்ளையா இருக்கும். ஒத்தாசைக்கு வாங்கிருப்பான்" என்றேன். மாடத்தி, "அப்படித்தான் இருக்கும் மதினி" என்று உடனே சொல்லிவிட்டாள். அவள் அவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொள்கிறவள் இல்லை.

தங்கமாரி உள்ளே முழித்துக்கொண்டுதான் இருந்தாள். சோறு போடும்போது மாடத்தி பேச்சையே எடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஜெபராணி வந்தாள். மறுபடியும் நாலு படம். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. சேலைகளை நானே எடுத்து மடித்து வைத்திருந்தேன். கட்டுப் போட நேரமில்லை, இருட்டுவதற்குள் இன்னும் மூன்று ஊர் என்று துணிப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். மெத்தையைக் கேட்டேன். ஆகஸ்ட் என்றாள்.

புண் இப்போது உள்ளங்கை அளவு.

ஜூலை 11, வெள்ளி

கதிரேசன் போனை எடுக்கவில்லை. நைட் ஷிப்டாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

வாடை வருகிறது. சாம்பிராணி போடுகிறேன். தங்கமாரி, "வீட்ல தினமும் வெள்ளிக்கிழமையா இருக்கே அத்தை" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று அனலாய்க் காய்ச்சல், பிதற்றல். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது தர்ஷிகா.

டாக்டர் சின்னப் பெண். கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எலும்பு தெரிகிறதாம். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டது. நர்ஸ் வருவதில்லை என்றேன். அது கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தது.

"வாராவாரம் வந்து கட்டுப் போட்டிருக்காங்களே. மெத்தையும் குடுத்திருக்காங்க. புண் ஆறிட்டு வருதுன்னு போட்டிருக்கு. அரசாங்கம் எல்லாம் செஞ்சிருக்கு, வீட்ல புரட்டிப் போட ஆள் இல்லாமத்தான் இப்படி ஆகும். நீங்கதான கூட இருக்கிறது?"

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது திரையை என் பக்கம் திருப்பியது. அரக்குப் பட்டில் நான் நிற்கிறேன். பல்லெல்லாம் தெரிகிறது. நான் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வருஷம். ஒரு ராத்திரி நான் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. கிடத்திப்போட்டுவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு திரிகிறவள் என்று இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்தது. அதன் மேல் தப்பில்லை. அதற்குக் காட்டியது அப்படி.

ஜூலை 21, திங்கள்

சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அவளுக்கு வலியே தெரியவில்லை. வெளியே நின்ற எனக்குத்தான் தாங்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கீழே ஒரு பெண்பிள்ளை பாயில் கிடக்கிறாள். தாய், இல்லை பெண்டாட்டி, இல்லை மகள். மொட்டைமாடிக் குழாயில் துணி அலசப் போனால் அங்கேயும் நாங்கள்தான். ஒருத்திக்கு மண்டையிடி, ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு. யாரும் சீட்டு எழுதிக்கொள்வதில்லை. வரிசையில் போய் நின்றால் உள்ளே கட்டில்காரனைப் பார்ப்பது யார்?

கதிரேசனுக்குத் தர்ஷிகா செய்தி அனுப்பினாள். படித்துவிட்டான் என்று போன் காட்டுகிறதாம்.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த டாக்டர்ப் பெண் சொன்னது இதுதான்: காற்று மெத்தை இல்லாவிட்டால் புண் மறுபடி கிளம்பும், இன்னொரு தடவை ரத்தத்தில் விஷம் ஏறினால் ஆள் தங்காது. மெத்தைதான் இருக்கிறதே, அதைப் போட்டுப் படுக்கவையுங்கள் என்றும் சொன்னது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெள்ளிக்கிழமை கிராம சபை. நர்ஸ் வீடு வருகிற திட்டத்துக்குச் செலவு செய்ததைச் சரிபார்க்க வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள், பயன் பெற்றவர்கள் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

பொழுது சாய ஜெபராணி வந்தாள். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தங்கமாரியின் முதுகைப் பார்த்துவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். படம் எடுப்பது அவள் யோசனை இல்லை. மாதக் கூட்டத்தில் எந்த ஊரில் குறைகிறதோ அந்த நர்ஸை நிற்கவைத்துத் திட்டுவார்களாம், நூற்றுக்கு நூறு காட்டு என்பார்களாம். எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம்.

"மெத்தை வீட்டுக்கு ஒன்னுன்னு வாங்கினதா மேல எழுதிருக்கு. எங்க கண்ணுல காட்டினது ஒன்னே ஒன்னு. மிச்சம் எங்கன்னு கேக்க நான் யாரு? காண்ட்ராக்ட் ஆளு. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கும்மா. வெள்ளிக்கிழமை நீங்க வராம இருந்தாப் போதும்."

அவளே அடுப்பில் தண்ணீர் வைத்துக் கையைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டாள். அவள் சொந்தக் காசில் வாங்கிய பஞ்சு. சேலை மாற்றச் சொல்லவில்லை.

அவள் போனதும் தங்கமாரி, "போவீங்களா?" என்றாள். மெத்தை வேண்டுமே என்றேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு சமுதாயக் கூடத்தில் சபை. பந்தல், மைக், வெள்ளைத் திரை. தணிக்கைக்கு வந்தவர் கதர்ச் சட்டை போட்ட நடுவயதுக்காரர், கூட ஒரு எழுதுகிற பெண். எதிர் வரிசையில் திட்ட அதிகாரி, அவர் ஆட்கள். கடைசி நாற்காலியில் ஜெபராணி. யூனிபார்மில் இருந்தாள்.

வெள்ளூரணியில் படுக்கை நோயாளி இத்தனை பேர், வருகை நூறு சதவீதம் என்று அதிகாரி வாசித்தார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருத்தன் வீட்டிலேயே தகப்பன் கிடக்கிறார். பழக்கம்தான் வேறென்ன, மைக்கில் யாராவது நிறுத்தினால் தட்டிவிடுகிறோம். பிறகு திரையில் படங்கள் வந்தன. என் படம் ஆள் உயரத்துக்கு வந்தது. சுங்குடி, நீலம், மாம்பழம், பட்டு. பெண்கள் பக்கத்தில் யாரோ, "மதினிக்கு எல்லாம் எடுப்பாத்தான் இருக்கு" என்றார்கள். சிரித்தார்கள்.

யாராவது பேசுகிறீர்களா என்று கதர்ச் சட்டைக்காரர் கேட்டார். எழுந்துவிட்டேன். மைக்கை எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. மாடத்தி வந்து வாயருகில் வைத்தாள்.

"அந்த நாலு சேலையும் என்னோடதுதான். நாலும் ஒரே நாள்ல கட்டினது. அந்த மெத்தையில எம்மருமக படுத்தது போட்டோ பிடிக்கிற நேரம் மட்டுந்தான். பிறகு சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அவளுக்கு எலும்பு தெரியுது."

அதிகாரி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "ஏம்மா, உங்கள யாரும் அடிச்சாங்களா, மிரட்டினாங்களா? சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. சுவத்துல ஆணி இருக்கு, தேதி காட்டுற காலண்டரக் காணோம். இவ்வளவு திட்டம் போட்டு நின்னவங்க, இன்னைக்கு வந்து பொய்னு சொன்னா எதை நம்புறது?"

காலண்டரைக் கழற்றியதும் நான்தான் என்றேன். ஜனம் மறுபடியும் சிரித்தது. இந்த ஊரில் என்னைப் பார்த்து யாரும் சிரித்தது கிடையாது. நான் உட்காரவில்லை.

"எம்மேல கேஸ் போடுங்க. போட்டுட்டு மெத்தை எங்கன்னு சொல்லுங்க. வீட்டுக்கு ஒன்னு வாங்கினதாச் சொல்றீங்கள்ல, அது யார் வீட்ல கெடக்கு?"

அப்போதுதான், முன்னால் கை தட்டினானே, தகப்பன் படுக்கையில் கிடக்கிற அந்த ஆள் எழுந்து, எங்கய்யாவுக்கும் படம்தான் எடுத்தாங்க என்றான். இன்னொருத்தியும் எழுந்தாள். கதர்ச் சட்டைக்காரர் எழுதிக்கொள்ளச் சொன்னார். கையிருப்பைக் காட்டுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டார். அது மாவட்டத்தில் இருக்கிறது என்றார் அதிகாரி.

பிறகு அந்த எழுதுகிற பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. "பராமரிப்பாளர் கதிரேசன்னு இருக்கு. உதவித்தொகை ஒழுங்காப் போகுது. அவர்தான் பாத்துக்கிறாரா?"

ஊரே என்னைப் பார்த்தது. மாடத்தி கையில் மைக் அப்படியே இருந்தது.

"ஆமா. இன்னைக்கு வேலைக்குப் போயிருக்கான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

தங்கமாரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. ஜன்னல் இருக்கிற வீடுதானே.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெபராணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பொய்ப் பதிவு செய்தாளாம். பேப்பரில் நாலு வரி வந்தது, தர்ஷிகா கொண்டுவந்து காட்டினாள். முறைகேட்டில் ஈடுபட்ட ஒப்பந்தப் பணியாளர் மீது உடனடி நடவடிக்கை என்று போட்டிருந்தது. மெத்தையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அந்த அதிகாரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், இதைவிடப் பெரிய நாற்காலி என்று பஞ்சாயத்து கிளார்க் சொன்னார். புது நர்ஸ் போட ஆள் எடுக்க வேண்டுமாம். எப்போது என்று அவருக்குத் தெரியாது.

இத்தனை நாளாக ஒரு நர்ஸ் வராமல் இருந்தாள். இப்போது வராமலிருக்கக்கூட ஒரு நர்ஸ் இல்லை.

தங்கமாரிக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் பொம்பள சொந்தக் காசுல பஞ்சு வாங்கிட்டு வந்தா. அவளச் சொல்ல உங்களுக்கு வாய் வந்துச்சு அத்தை. உங்க மகனச் சொல்ல வரல."

கஞ்சி ஆறிவிட்டது. கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஆகஸ்ட் 23, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை முதல் பஸ்ஸில் கலெக்டர் ஆபீஸ் போனேன். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். தங்கமாரியை மாடத்தி பார்த்துக்கொண்டாள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் கூப்பிட்டார்கள். எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து நானே எழுதினேன். முதலில் மெத்தை. அது சுலபமாக வந்தது. இரண்டாவதுக்குப் பேனா ஓடவில்லை. வெயில் என் மேல் வந்து, தள்ளி உட்கார்ந்து, அங்கேயும் வந்துவிட்டது. பிறகு எழுதினேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப இவ்வளவு நாளா உங்க மகன் பாக்காமயே பணம் வாங்கிருக்காரு. அவர்மேல நடவடிக்கை வரும். வாங்கினதத் திருப்பிக் கட்டணும். தெரிஞ்சுதான எழுதிருக்கீங்க? பெத்த தாய்ன்றதால கேக்கிறேன்."

தெரிந்துதான் என்றேன்.

"அப்ப பாத்துக்கிறது யாரு?"

நான் என்றேன். வயது கேட்டார், சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு வயதானவரைப் பராமரிப்பாளராகப் பதிய வழியில்லையாம், உங்களையே ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதாம். வேறு யாராவது பெயர் கொடுங்கள் என்றார். வீட்டில் பதினேழு வயசுப் பிள்ளை ஒன்று இருக்கிறது, அவள் பெயரைத் தரமாட்டேன் என்றேன். முத்திரை குத்தி வாங்கிவைத்துக்கொண்டார். போன் நம்பருக்குப் பதில் வரும் என்றார்.

வீட்டுக்கு வர நாலு மணி. தங்கமாரி வாசலைப் பார்த்துத்தான் கிடந்தாள். புரட்டிப் போட்டேன். முதுகு என் பக்கம் வந்தது. முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் எனக்கும் சொல்ல வரும்.

"உம்புருசன் ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

அவள் முதுகு ஏறி இறங்கியது. பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனில் பதில் வந்துவிட்டது. தர்ஷிகா சத்தமாகப் படித்தாள். நான் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. பயனாளிக்குக் காற்று மெத்தை ஜூன் மாதமே வழங்கப்பட்டதற்குப் புகைப்படப் பதிவு உள்ளது. பராமரிப்பாளர் குறித்த விசாரணை முடியும் வரை உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. மனு முடித்து வைக்கப்பட்டது.

தர்ஷிகா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவளை நான் அடித்ததே கிடையாது.

கட்டிலிலிருந்து தங்கமாரி கூப்பிட்டாள். "மெத்தை குடுத்தாச்சாம்ல அத்தை. பிறகு எதுக்குக் கீழ பாய்ல கெடக்கிறீங்க? மேல வாங்க, ரெண்டு பேருமாப் படுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இடுப்புக்கு மேலே இருந்த உடம்பெல்லாம் குலுங்கியது, கீழே போர்வை அசையவில்லை. சிரிக்கச் சிரிக்கப் புண் கசிந்து கட்டு நனைந்துவிட்டது. மாற்றினேன்.

பிறகு உள்ளூரில் இருக்கிற மாடத்தியின் மூத்த மருமகன் வெள்ளைச்சாமியிடம் போனேன். அவனுக்குச் சரக்கு ஆட்டோ இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் தங்கமாரியைக் கட்டிலோடு ஏற்றிக்கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறக்க வேண்டும் என்றேன். போலீஸ் வருமே அத்தை என்றான். வரட்டும், கூடக்குறைய நாலு பேர் பார்ப்பார்கள் என்றேன். சபையில் எழுந்து பேசினானே, அவனும் தகப்பனைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம்.

கட்டிலில் கிடக்கிறவளைக் கேட்காமல் ஏற்பாடு செய்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். ஊர் வேடிக்கை பார்க்கும், சம்மதமா என்று.

கொஞ்சம் யோசித்தாள்.

"நெழல் இருக்கிற எடமாப் பாத்து எறக்கச் சொல்லுங்க. ஆள் வந்து கேக்கிற வரைக்கும் கெடக்கணும்ல."